வெட்டி எடுத்த இரண்டு நிமிடம்

திருவனந்தபுரம் பஸ்களுக்கு எண் கிடையாது. நெற்றியில் ஊர்ப் பெயர் மட்டும், அதுவும் மலையாளத்தில். சென்னையில் எண்ணைப் பார்த்தே ஏறிப் பழகிய எனக்கு இது பெரிய குறைபாடாகத் தெரிந்தது. முதல் நாளே குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வேண்டிய ஊர்களின் எழுத்துகளைப் படம் வரைவதுபோல் வரைந்துகொண்டேன். மொத்தம் நான்கு: கிழக்கேகோட்டை, கரமனை, பாளையம், தம்பானூர்.

ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் நிறுவனம் விற்ற கருவியின் அளவு நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய என்னை அனுப்பினார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை வேலை, சனிக்கிழமை மாலை ரயில். ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம். ஈரப்பதம்தான் காரணம் என்று ரயிலிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஐந்து நாள் அளந்து காட்டினால்தான் நம்புவார்கள்.

தங்க இடம் வலியசாலையில், கோவிலை ஒட்டிய தெருவில், விசாலம் மாமி வீட்டு மாடி அறை. மாமியின் கணவர் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர், அந்த வாரம் வெளியூரில் இருந்தார். வீட்டில் மாமியும் மகள் கோமதியும்தான். கோமதிக்கு என் வயது, இருபத்தாறு.

முதல் நாள் சாப்பாட்டில் அரிசி தடிமனாக, சிவப்புக் கோடுகளோடு இருந்தது. குடிக்க வைத்த வெந்நீர் ரோஜா நிறம். கருவியில் இப்படி ஒரு நிறம் வந்தால் குழாயைக் கழற்றியிருப்பேன். "பதிமுகக் கட்டை போட்டுக் காச்சினதாக்கும். குடி, ஒண்ணும் ஆகாது," என்றாள் கோமதி. ஒன்றும் ஆகவில்லை.

கோமதி கானமேளா பாடகி. கோவில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு பாடும் குழுவுக்கு இங்கே அந்தப் பெயர். அவளுடைய குழுவில் பெண்கள் மூன்று பேர், இவள் மூன்றாவது. ஜோடிப் பாட்டில் பெண் வரிகளைப் பாடிவிட்டு, மேடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். மேடையில் பேசுவதற்கென்று ஓர் அறிவிப்பாளர் உண்டு. பாடகிகள் பேசுவதில்லை. ஏழு வருடத்தில் மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று அவளே சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. மஸ்கட்டில் ஒரு ஹோட்டலுக்குப் பாட்டுக் குழு எடுக்க, கொச்சியிலிருந்து ஏஜென்ட் வருகிறார். ஆங்கிலப் பாட்டு இரண்டு பாட வேண்டும். கிடைத்தால் ஒரு வருட ஒப்பந்தம். கிடைக்காவிட்டால் பாட்டை விட்டுவிட்டு, ஆரியசாலையில் சித்தப்பாவின் கூரியர் ஆபீசில் உட்காருவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அடுத்த சீசனுக்கு கானமேளாக் குழு வேறு பெண்ணைப் பார்த்துவிட்டது. ஆகவே இது கடைசி வாய்ப்பு.

"நிர்மலா, நீ இவ கூட கரமனை வரைக்கும் போயிட்டு வாயேன். நேக்கு ஒரு சமாதானம்," என்றார் மாமி, சாப்பிட்ட தட்டை நான் கழுவி வைப்பதற்குள். பயிற்சி நடந்தது கரமனையில், ஒரு மர அறுவை மில்லின் பின்கொட்டகையில். கிட்டார் இரண்டு, டிரம் ஒன்று. டிரம்மர் பெயர் பினு. பகலில் அந்த மில்லிலேயே மரம் அளப்பவன். கூரையில் மழை விழும் சத்தத்தில் அவன் டிரம்மைத் தவிர வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் பாட்டு.

அண்ணன் இந்த ஊரில் இன்ஜினியரிங் படித்தபோது பதிவு செய்து கொண்டுவந்த கேசட் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. எனக்கும் அவனுக்கும் பள்ளிப் பருவத்துக்கு முந்திய ஓர் ஆங்கில ராக் குழு. துறைமுக நகரம் ஒன்றில் கிளம்பி, நான் பிறந்த காலத்தில் கலைந்துபோனவர்கள். பத்து வருடமாக அந்தக் கேசட்டைக் கேட்கிறேன். விடுதியில், பரீட்சைக்கு முன், ரயிலில். குழுவில் கிட்டார்காரன்தான் எனக்கு முக்கியம். பாடகனை நான் கவனித்ததில்லை. கரகரவென்று எதையோ சொல்லிக்கொண்டு போவான்.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில், நடுவே ஒரு குதிப்பு வரும். கிட்டார் இரண்டு சுரங்களில் தட்டிக்கொண்டே அடங்கும். பிறகு அரைத் தாளம் காணாமல் போய், திடீரென்று எல்லோரும் உரக்கத் தொடங்குவார்கள். எங்கள் டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

கரமனைக் கொட்டகையில் பினு அதே இடத்தில், அதே அரைத் தாளத்தை விழுங்கிவிட்டுக் குதித்தான். கிட்டார்கள் இரண்டும் கூடவே குதித்தன.

ஒரு கருவியில் பிழை வந்தால் கருவியைப் பார்ப்போம். இரண்டு கருவிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை வந்தால், பிழை மூலத்தில் இருக்கிறது.

"இந்தப் பாட்டை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இந்த ஊரில் எல்லோரும் எடுத்த இடத்தில்தான், சேச்சி," என்றான் பினு மலையாளத்தில். "சாலைக் கடைத்தெருவில் செல்வராஜண்ணன். இந்தக் குதிப்பை விரலில் கொண்டுவர எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆறு வருடமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கல்லூரிப் போட்டியில் இதற்கே கைதட்டு வாங்கியிருக்கிறோம்."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் போக, கரமனை பஸ் என்று நினைத்து ஏறினேன். முதல் எழுத்து நான் வரைந்து வைத்திருந்ததுபோலவே இருந்தது. அரை மணி நேரம் கழித்தும் கடைத்தெரு வரவில்லை. பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மா என் நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். நான் கழக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், நேர் எதிர்த் திசையில். "முதல் எழுத்தைப் பார்த்து மாப்பிள்ளை பார்ப்பாயா?" என்றார். அவர் பேசியது மலையாளம். ஆனால் அது எனக்கு முழுதாகப் புரிந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் தார்ப்பாய்ச் சுருள்கள். மழை வந்ததும் அவரவர் ஜன்னலை அவரவர் இறக்கிவிட, வண்டிக்குள் இருட்டானது. அந்த இருட்டிலேயே இறங்கி, எதிர்ப் பக்கம் நின்று திரும்பி வந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் கோமதி எனக்காகக் காத்திருந்தாள். செல்வராஜண்ணன் கடை இப்போது எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும். பின்சுவரில் மட்டும், முன்பு கேசட் பதிந்துகொடுத்த இரண்டு டெக்குகள், பிளாஸ்டிக் உறை போட்டு. அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். நான் குதிப்பைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷப்பட்டுவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டியளா! அது நான் வெட்டினதாக்கும், மக்ளே."

"எதை வெட்டினீங்க?"

"பேச்சை. பாட்டுக்கு நடுவுல அந்தப் பாடகன் ரெண்டு நிமிசம் நின்னு பேசுகான். ஆதியில நான் முழுசாத்தான் போட்டுக் குடுத்தேன். வாங்கிட்டுப் போனவன் எல்லாம் திரும்பி வாறான். 'அண்ணாச்சி, டேப்பு கெட்டுப்போச்சு, இடையில எவனோ பேசுகான்'ன்னு ஒரே சண்டை. ரேடியோ நியூஸ் மேல ஏறிட்டுன்னு ஒருத்தன் கை ஓங்கிட்டான். பின்னே என்ன செய்ய? ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிசம். பேச்சை வெட்டினா கடைசிப் பாட்டு முழுசா உள்ள நிக்கும். வெட்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு புகார் வரல்லை."

"எல்லாப் பாட்டிலயுமா?" என்றாள் கோமதி.

"மூணு ரிக்கார்டுலயும். எங்க பேசுனாலும் வெட்டு."

பிறகு அவர் சொன்னதுதான் நான் எதிர்பாராதது. வெட்டிய துண்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் பேச்சு மட்டும் வேண்டும், பாட்டு வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருக்காக எல்லாத் துண்டுகளையும் ஒரே கேசட்டில் சேர்த்துப் பதிந்து வைத்தார். வாத்தியாருக்கு மாற்றலாகிவிட்டது. கேசட்டை வாங்க வரவேயில்லை. "நாளைக்கு வா, தேடி வைக்கேன்," என்றார்.

புதன்கிழமை கருவி தானாகவே வெப்பமேறிக்கொண்டிருந்ததால் மதியம் எனக்கு வேலையில்லை. ஆங்கிலப் புத்தகங்கள் இருக்கும் நூலகம் ஒன்றுக்குப் போனேன். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி இரண்டை வெளியிலேயே தின்றுவிட்டு, எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தேன். அந்த ராக் குழுவைப் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. இசை பற்றிய அத்தியாயங்களைத் தாண்டி, பாடகனைப் பற்றிய ஒன்றைப் படித்தேன்.

அவன் துறைமுகத் தொழிலாளியின் மகன். பதினாறு வயதில் நகராட்சி நூலகத்தில் ஒரு கவிஞனைக் கண்டுபிடித்திருக்கிறான். நூறு வருடத்துக்கு முந்திய அந்தக் கவிஞன் கப்பலில் குமாஸ்தா. கடலில் ஒருவன் இறந்தால் அவன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் எழுதி, அவன் பொருட்களை மற்ற மாலுமிகளுக்கே ஏலம் விடுவது வழக்கம். பட்டியல் எழுதுவது குமாஸ்தாவின் வேலை. அந்தப் பட்டியல்களையே அவன் கவிதையாக்கியிருக்கிறான். வருத்தம் என்ற சொல்லே கிடையாது. பொருளும் எண்ணிக்கையும் மட்டும். பாடகன் அதைப் பிடித்துக்கொண்டான். மேடையில் முதலில் அவன் பாடியதே இல்லையாம். பட்டியல்களைச் சொல்லிக்கொண்டிருப்பான், பின்னால் நண்பன் கிட்டாரில் இரண்டு சுரங்களைத் தட்டிக்கொண்டிருப்பான். குழு அங்கேதான் பிறந்தது.

அதாவது, பேச்சைத் தாங்குவதற்காகத்தான் இசை வந்தது. நான் பத்து வருடம் பீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாலையில் செல்வராஜண்ணன் தூசி துடைத்து ஒரு கேசட்டைத் தந்தார். மேலே பச்சை மையில் 'பேச்சு' என்று எழுதியிருந்தது. மாடி அறையில் நானும் கோமதியும் வாக்மேனின் காதுக்குமிழை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு கேட்டோம். நான்கு முறை திருப்பி ஓட்டி எழுதி எடுத்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

தகரப் பெட்டி ஒன்று, பூட்டு இல்லை. கம்பளிச் சட்டை இரண்டு, ஒன்றுக்கு ஒரு கை இல்லை. சீப்பு ஒன்று, முடியோடு. கடிதம் ஒன்று, பெயர் மட்டும் எழுதியது. பித்தளைப் பொத்தான் ஐந்து, ஆறாவது அவனோடு.

இன்னும் பன்னிரண்டு வரிகள் இதுபோல. அதற்குப் பிறகுதான் எல்லோரும் உரக்கத் தொடங்குகிறார்கள். நான் அதுவரை அந்த உரத்த பகுதியைக் கொண்டாட்டம் என்று நினைத்திருந்தேன். அது ஏலம்.

அன்று படுக்கும் முன் என் கேசட்டிலிருந்த மற்றப் பாட்டுகளையும் வரிசையாகக் கேட்டேன். காதல் பாட்டு என்று நான் முடிவு செய்திருந்தது, வாடகை அறையைக் காலி செய்கிற ஒருவன் அலமாரியைப் பார்த்துச் சொல்வது. ரயில் பாட்டு, ஒரு பெண் விட்டுப்போன பையைத் திறந்து பார்ப்பது. ஒன்பது பாட்டுகளில் ஏழு பட்டியல்கள். தினமும் பட்டியல் போடுகிற எனக்கே இது கேட்கவில்லை. கிட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோமதி வேறு கணக்கில் இருந்தாள். "அந்த ஏஜென்டுக்கு ஒரிஜினல் தெரிஞ்சிருந்தா? நாங்க பாதியில குதிக்கறதைப் பார்த்தா சிரிக்க மாட்டாரா?"

"தெரிஞ்சிருக்கலாம்."

"அப்போ பேசணுமா நான்?" என்றாள், என்னவோ நான் உத்தரவு போட்டதுபோல.

வியாழக்கிழமை கொட்டகையில் முயற்சி நடந்தது. பினுவுக்குக் கோபம். "இரண்டு நிமிடம் கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருக்க நான் என்ன, சீட்டுப் பணம் பிரிக்க வந்தவனா?" என்றான். ஆனால் தட்டினான். கோமதி பாடும்போது நிமிர்ந்து நின்றவள், பேச வேண்டிய இடத்தில் தரையைப் பார்த்தாள். மூன்றாவது வரியில் நாக்கு சுற்றிக்கொண்டது. ஆறு முறை முயன்றோம். ஐந்தாவது முறை எட்டு வரி வந்தாள். ஆறாவதில் மறுபடி மூன்று.

"பாடு, பாடுன்னா பாடிடுவேன். பேசறச்சே என் தொண்டை வேற யாரோடதோ மாதிரி இருக்கு," என்றாள் திரும்பி வரும்போது.

வெள்ளிக்கிழமை கருவியை ஒப்படைத்தேன். காரணம் ஈரப்பதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் சத்தம். கோமதி வரிகளை உருப்போட்டதை மாமி கேட்டிருக்கிறார். அர்த்தம் கேட்டிருக்கிறார். இவள் சொல்லிவிட்டாள்.

"சுபகாரியத்துக்குப் போறச்சே செத்தவன் பெட்டிச் சாமானையா எண்ணிண்டு போவா? உனக்கு வேற பாட்டே கிடைக்கலையா? எல்லாரும் சிரிச்சுண்டு பாடறா, நீ மட்டும் பொணத்தோட சீப்பு!"

"அம்மா, அது கவிதையாக்கும்."

"கவிதைன்னா பூ, நிலா ஒண்ணும் கிடையாதா அந்த ஊர்ல?"

என்னைப் பார்த்ததும் மாமி குரலைத் தணித்துக்கொண்டார். ஆனால் பார்வை தணியவில்லை. வந்து ஐந்து நாளில் இந்த வீட்டில் பிணத்தைக் கொண்டுவந்து போட்டவள் நான்தான். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, தேங்காய் அரைத்துச் சேர்த்து, எனக்கென்று எடுத்துவைத்திருந்ததை மட்டும் முன்னால் வைத்தார். நன்றாக இருந்தது.

மாடிக்கு வந்து கோமதி சொன்னாள்: "பேச்சு வேண்டாம். பழையபடியே குதிச்சுடறோம். பினுகிட்ட பறஞ்சாச்சு."

வாதாட நான்கு காரணங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். நான்கும் எனக்கான காரணங்கள். மஸ்கட் அவளுக்கு. சரி என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஹோட்டலின் கல்யாண மண்டபத்தில் தேர்வு. முந்தின நாள் வரவேற்பின் காகிதத் தோரணங்களை இன்னும் எடுக்கவில்லை. ஏஜென்ட் நாற்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டு கேட்டார். எங்களுக்கு முன்னால் இரண்டு குழுக்கள். ஒன்றில் மைக் கத்தியது, அந்தப் பாடகி நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோமதியின் முதல் பாட்டு சுத்தமாக முடிந்தது. இரண்டாவது எங்கள் பாட்டு. கிட்டார் இரண்டு சுரங்களில் அடங்கியது. குதிப்பு வர வேண்டிய இடம். கிட்டார்காரர்கள் இருவரும் கையை ஓங்கினார்கள்.

பினு குதிக்கவில்லை. கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருந்தான்.

கிட்டார்காரர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் டிரம்மைப் பார்த்தான். அவர்களும் வேறு வழியில்லாமல் பழைய இரண்டு சுரங்களுக்கே திரும்பினார்கள். கோமதி மைக்கின் முன் தனியாக நின்றாள். எண்ணத் தொடங்கினேன், வேறென்ன செய்வதென்று தெரியாமல். பதினொன்று எண்ணியபோது அவள் பேசினாள்.

முதல் மூன்று வரி ஆங்கிலம். தகரப் பெட்டி, சட்டை, சீப்பு. நான்காவது வரவில்லை. தாளம் போய்க்கொண்டிருந்தது. அவள் தரையைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு வீட்டுத் தமிழில் தொடர்ந்தாள்.

"பை ஒண்ணு, ஜிப்பு போயிடுத்து. ஊக்கு ஒரு டஜன். பட்டுப்புடவை ஒண்ணு, சித்தியோடது. பாட்டு நோட்டு மூணு. ஆம்பளை வரி நீல மசி, பொம்பளை வரி செவப்பு மசி. செவப்பு கொஞ்சம்தான். கல்கண்டுப் பொட்டலம் ஒண்ணு. கோவில் கோவிலாப் போத்தின பொன்னாடை பதினொண்ணு. ஒண்ணுலயும் என் பேர் இல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பி பினுவைப் பார்த்துத் தலையசைத்தாள். எல்லோரும் உரக்கத் தொடங்கினார்கள். அவள் பாடினாள்.

ஏஜென்ட் பிஸ்கட்டைக் கீழே வைத்திருந்தார். "நடுவில் பேசியது பாட்டில் இருப்பதா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"பாதி இருக்கிறது," என்றாள்.

"மீதி?"

"டிரம்மர் நிறுத்தவில்லை. நான் என்ன செய்ய?"

அவர் சிரித்தார். "தமிழ் எனக்குத் தெரியாது. அங்கே வருகிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் தினமும் ஏதாவது ஒன்று தவறும். மைக் போகும், குடித்தவன் மேடையில் ஏறுவான். அப்போது அழுதுகொண்டு உள்ளே ஓடுகிற பாடகிகள்தான் எனக்கு அதிகம் வாய்க்கிறார்கள்." பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். "டிரம்மும் கிட்டாரும் அங்கே இருக்கின்றன. இவர் மட்டும் போதும்."

மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். கோமதி ஏதோ சொல்லப் போனாள். பினு, "சம்மதம் என்று சொல்லடி, சார் மனசு மாறிவிடும்," என்றான்.

வெளியே மழை விட்டிருந்தது. கோமதி அம்மாவுக்கு ஃபோன் செய்யப் போனபோது, சிம்பலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த பினுவிடம் கேட்டேன். "ஆறு வருஷம் தப்பாத இடம். நேத்து ராத்திரி வேண்டாம்னு சொல்லிட்டா. இன்னிக்கு எப்படித் தப்பிப்போச்சு?"

"கை மறந்துபோயிற்று, சேச்சி."

"நிஜமாவா?"

அவன் சிம்பலைச் சுற்றி முடித்தான். "வியாழக்கிழமை ஐந்தாவது தடவை பேசினாளே, அப்போது நீங்கள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அவளைப் பார்த்தேன்," என்றான். "பாடுவது போலவே இருந்தாள். குதித்திருந்தால் எங்களோடு அவளும் கரமனையிலேயே இருந்திருப்பாள்."

ஆட்டோ வந்தது. கிட்டார்காரர்கள் தங்கள் கிட்டார்களோடு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்கள். கோமதி ஓடி வந்து ஏறினாள், சிறிய டிரம்மை மடியில் வைத்துக்கொண்டாள், அழுதுகொண்டே பினுவைத் திட்டினாள், "துஷ்டன், என்னைக் கொன்னுட்டியேடா." பினு டிரைவர் பக்கத்தில் பாதி தொங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மிச்சம் இருந்தது பெரிய டிரம்மும் நானும். இடம் ஒன்றுதான்.

டிரம்மை அவள் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, நான் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.